ஓட்டல் சமையலறையின் கார்பன் தடம்: அடுப்பை மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

காவிரிக்கரை (கும்பகோணம்) – இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை தொடங்கிய சைவ ஓட்டலைக் கடந்த பதினான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். ஒரே நேரத்தில் எழுபது பேர் அமரலாம். காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலையும் இரவும் மீண்டும் டிபன் என்று, விடியற்காலை நான்கு மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பு இரவு பத்தரை மணிக்குத்தான் அணைகிறது. எங்கள் சமையலறை காற்றில் விடும் கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் எங்கிருந்து எவ்வளவு போகிறது என்று தெரியாமல் எதைக் குறைப்பது? ஆகவே மூன்று மாதங்களாகக் குறிப்பேடு ஒன்று வைத்து அளந்து வருகிறேன்.

மாதத்திற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் 55 செலவாகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 3 கிலோ கரியமில வாயு உண்டாகும் என்பதால், ஒரு சிலிண்டருக்கு 57 கிலோ, மாதத்திற்கு 3.1 டன். மின்சாரம் 4,200 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்துக்கொண்டால் 2.9 டன். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதைப் பார்த்து நானே வியந்தேன். கிரைண்டர், எக்ஸாஸ்ட், குளிர் அறை, மின்விளக்கு ஆகியவற்றை அடுப்புக்கு நிகராக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அளக்கத் தொடங்கிய பிறகு கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சாம்பார் அண்டா 80 லிட்டர் கொள்ளும். காலை பத்தரை மணிக்கே சாம்பார் தயாராகிவிடுகிறது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு தொடங்கும் வரை, ஆறிவிடக் கூடாது என்பதற்காக, மூடாமல் நடுத்தரத் தீயிலேயே கொதிக்க விடுகிறோம். ஒருநாள் அண்டாவின் உட்சுவரைப் பார்த்தபோது, சாம்பார் முதலில் நின்ற உயரத்தில் மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தால், வளையத்திற்கும் சாம்பாருக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இருந்தது. அண்டாவின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டால் பத்து லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு, சாம்பார் கெட்டியாகிவிட்டது என்று இன்னொரு அடுப்பில் வெந்நீர் வைத்து விளாவுகிறோம். இதைத்தான் என் தந்தை காலத்திலிருந்து நாள்தோறும் செய்து வந்திருக்கிறோம்.

என் கேள்விக்கு வருகிறேன். எரிவாயுவை முழுவதுமாக விட்டுவிட்டு இண்டக்ஷனுக்கு மாறும்படி பலர் அறிவுரை சொல்கிறார்கள். செலவு பெரியது. செய்யத்தான் வேண்டும் என்றால் கடன் வாங்கியாவது செய்வேன். ஆனால் அதுதான் முதல் படியா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குளிர் அறைக்கு இந்த ஆண்டு மூன்று முறை கேஸ் (குளிரூட்டும் வாயு) ஏற்றினோம். அதைப் பராமரிப்புச் செலவில் எழுதியிருக்கிறேன். இலைகளிலிருந்தும் பாத்திரங்களிலிருந்தும் மீந்து போகும் உணவு நாளுக்குச் சுமார் 40 கிலோ.

பகலவன் (சென்னை)

வணக்கம் அண்ணா. நான் இரண்டு ஆண்டுகளாக வீடுகளுக்கு மட்டும் உணவு அனுப்பும் சிறிய சமையலறை நடத்துகிறேன். எங்களிடம் சிலிண்டரே கிடையாது. இண்டக்ஷனில் எண்பத்தைந்து விழுக்காடு வெப்பம் பாத்திரத்திற்குள் போகிறது. பெரிய கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைத் தழுவிக்கொண்டு மேலே போவதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம். பாதி வெப்பம் சமைப்பவரின் முகத்தில்தான் அடிக்கிறது. எங்கள் சமையலறையில் வேலை செய்பவர்கள் மே மாதத்திலும் நின்று சமைக்க முடிகிறது. என் கருத்தில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

வெப்பக்கணக்கு (கோயம்புத்தூர்)

வணக்கம். நான் ஆலைகளிலும் பெரிய சமையலறைகளிலும் எரிசக்தித் தணிக்கை செய்பவள். பகலவன் தம்பி சொன்ன எண்பத்தைந்து விழுக்காடு சரிதான். ஆனால் கார்பன் கணக்கு பாத்திரத்தின் அடியோடு முடிவதில்லை; மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது வரை போக வேண்டும்.

ஒரு கிலோ எரிவாயுவில், மின்சாரத்தை அளக்கும் அதே யூனிட்டில் சொன்னால், ஏறத்தாழ 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆகவே எரிவாயுவின் ஒரு யூனிட் வெப்பத்திற்கு 0.23 கிலோ கரியமில வாயு. பெரிய அண்டாவை வைத்து இடைவிடாமல் சமைக்கும் அடுப்பின் திறன் நாற்பது விழுக்காடு என்று கொண்டால், சாம்பாருக்குள் போகும் ஒரு யூனிட் வெப்பத்திற்கு 0.58 கிலோ ஆகிறது. இண்டக்ஷனில், இன்றைய இந்திய மின்தொகுப்பில் (எல்லா மின் நிலையங்களையும் இணைக்கும் வலையமைப்பில்) யூனிட்டுக்கு 0.7 கிலோ என்றால், 0.82 கிலோ. நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதே காரணம். அண்டா அடுப்பை இன்று இண்டக்ஷனுக்கு மாற்றினால் சமையலறை குளிரும், ஆனால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கூடுதலாகப் புகையும்.

கூரையில் சூரியத் தகடு இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு கிலோவாட் தகடு நம் ஊரில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். அந்த நான்கு யூனிட்டையும் உங்கள் குளிர் அறையும் கிரைண்டரும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொள்ளும் என்றால், அதை அடுப்புக்குத் திருப்புவதால் புதிதாக எதுவும் மிஞ்சாது. குளிர் அறை மறுபடியும் மின்தொகுப்பிலிருந்து எடுக்கும். தேவைக்கு மேல் மிகும் யூனிட்டுகள் அடுப்புக்கு வந்தால்தான் உண்மையான ஆதாயம்.

இந்தக் கணக்கு எல்லா அடுப்புக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் அடுப்பு, தாளிக்கும் அடுப்பு போன்றவை அடுத்த ஆர்டர் வரும் வரை வெறுமனே எரிந்துகொண்டிருக்கும். அவற்றின் திறன் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு இறங்கிவிடுவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அங்கே எரிவாயுவின் கணக்கு 0.94 கிலோவுக்கு ஏறிவிடுகிறது, இண்டக்ஷன் வெல்கிறது. பாத்திரத்தை எடுத்ததும் அது தானே அணைந்துவிடும் என்பதே அதன் பெரிய பலம்.

உங்கள் சாம்பார் வளையத்தைப் பற்றி: ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து (டிகிரி) கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம், கொதிக்கும் அதே ஒரு லிட்டரை ஆவியாக்க ஆகும். உங்கள் பத்து லிட்டர் ஆவிக்கு நாளுக்கு 1.2 கிலோ எரிவாயு போகிறது. மாதத்திற்கு இரண்டு சிலிண்டர், சாம்பாருக்கு எந்தப் பயனும் இல்லாமல். மூடி போடுங்கள். கொதிநிலையில் இருக்கும் குழம்பு, தீயைக் கூட்டுவதால் இன்னும் சூடாவதில்லை. வேகமாக வற்றுகிறது, அவ்வளவுதான்.

பகலவன் (சென்னை)

அம்மா, உங்கள் கணக்கை மறுக்கவில்லை. மின்தொகுப்பு ஆண்டுக்கு ஆண்டு தூய்மையாகி வருகிறது. இன்று வாங்கும் அடுப்பு பத்து ஆண்டுகள் இருக்கும். தமிழ்நாட்டில் ஆடி மாதக் காற்றில் காற்றாலைகள் முழு வேகத்தில் ஓடும்போது அந்த 0.7 என்ற எண்ணே பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும், அண்டா அடுப்பையும் பால் அடுப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் இதுவரை அப்படிப் பிரித்து யோசித்ததில்லை.

குளிர்சாதன மெக்கானிக் (திருச்சி)

காவிரிக்கரை ஐயா, நீங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம். குளிர் அறைக்கு மூன்று முறை கேஸ் ஏற்றியதாகச் சொல்கிறீர்கள். எந்த கேஸ், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ என்று ரசீதில் பாருங்கள். நம் பகுதியில் பத்து ஆண்டுகளுக்கு முன் போட்ட குளிர் அறைகள் பெரும்பாலும் ஆர்-404ஏ வாயுவில் ஓடுகின்றன. அந்த வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது நூறாண்டுக் கணக்கில் (நூறு ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் அளவில்) 3,900 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-22 என்றால் சுமார் 1,800 கிலோ.

குளிர்சாதனத்தில் கேஸ் என்பது எண்ணெய் போலத் தேய்ந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்து வெளியேறியிருக்கிறது என்று மட்டுமே பொருள். ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது வழக்கம் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், அவர் கசிவைத் தேடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். எங்கள் தொழிலில் இருக்கும் குறையை நானே சொல்வது வருத்தமாகத்தான் இருக்கிறது. கேஸ் ஏற்ற அரை மணி நேரம் போதும். கசிவைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். அரை நாள் கூலி கொடுக்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை, கேட்க மெக்கானிக்குக்கும் துணிவு வருவதில்லை.

எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கம்ப்ரஸர் அதிரும் இடத்திற்கு அருகில் நட்டு போட்டு இறுக்கிய இணைப்புகளில் கையால் தடவிப் பாருங்கள். கசிவு உள்ள இடத்தில் கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளியே வரும் என்பதால், அங்கே தூசி பிசுபிசுவென்று படிந்திருக்கும். சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவினால் சிறு நுரை எழும். அதில் அகப்படாத நுண்ணிய கசிவுக்கு நைட்ரஜனை நிரப்பி ஓர் இரவு அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். பழுது பார்க்கும் முன் உள்ளே மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது, அதை அனுமதிக்காதீர்கள். மீட்பு இயந்திரம் வைத்திருப்பவரை அழைத்து, கேஸைத் தனி உருளையில் பிடித்துவைத்து, பழுது முடிந்ததும் மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள்.

புதிதாக டீப் ஃப்ரீசர் வாங்குவதாக இருந்தால் ஆர்-290 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அது புரொப்பேன். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால், பூமியைச் சூடாக்கும் அதன் திறன் ஒற்றை இலக்க மடங்கில்தான் இருக்கிறது. தீப்பற்றக்கூடியது என்பது உண்மை. அதனால்தான் சிறு பெட்டிகளில் 150 கிராமுக்கு உட்பட்டே நிரப்புகிறார்கள். தீயை அருகில் வைத்துக்கொண்டு அதைப் பழுது பார்க்கக் கூடாது, அவ்வளவே. குளிர்சாதன வாயுக்களைக் குறைப்பதற்கான உலக நாடுகளின் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுவிட்டது. 2028-இலிருந்து ஆர்-404ஏ போன்ற வாயுக்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வருகிறது. இப்போது வாங்கும் ஆர்-404ஏ கருவிக்குப் பிற்காலத்தில் கேஸ் கிடைப்பதே கடினமாகும்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன் ஐயா. ஆர்-404ஏ. மூன்று முறையும் ஒவ்வொரு கிலோ. அப்படியானால் ஏறத்தாழ 11.8 டன். 57 கிலோவால் வகுத்தால் 206 சிலிண்டர். எங்கள் சமையலறை நான்கு மாதம் எரிக்கும் எரிவாயுவுக்குச் சற்றே குறைவு. அடுப்படியில் தீயைக் குறை, தீயைக் குறை என்று நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டில், பின்கட்டில் ஓசையில்லாமல் இவ்வளவு போயிருக்கிறது. இதைப் படித்ததிலிருந்து மனம் மிகவும் வேதனையாக இருக்கிறது. உடனே ஆள் ஏற்பாடு செய்கிறேன்.

பந்தி (மயிலாடுதுறை)

என் தந்தை திருமணங்களுக்குச் சமைக்கும் தலைமைச் சமையற்காரர். ஒன்பது ஆண்டுகளாக அவருடன் நானும் பொறுப்பேற்று நடத்துகிறேன். ஓட்டலில் இருப்பது போல் நிலையான கருவி எங்களிடம் இல்லை. மண்டபத்துக்கு மண்டபம் அடுப்பு மாறும். ஆகவே எங்கள் கணக்கு பெரும்பாலும் விறகைப் பற்றியதும் இலையில் மீந்து போவதைப் பற்றியதுமாகவே இருக்கிறது.

விறகைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எரிப்பது சவுக்கு. கடலூர், விழுப்புரம் கடற்கரைப் பகுதிகளில் பயிராக வளர்த்து, சில ஆண்டுகளில் வெட்டி, மறுபடியும் நடுகிறார்கள். மறுநடவு நடக்கும் வரை, எரியும்போது வெளியேறும் கரியமில வாயுவை அடுத்த பயிர் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதைக் காரணம் காட்டி விறகுக்கே திரும்பலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: விறகு எரியும்போது எழும் கரும்புகைத் துகளும் வெப்பத்தை உறிஞ்சும் பொருள்தான், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதைவிட, முப்பத்தைந்து ஆண்டுகள் கோட்டை அடுப்பின் முன் நின்ற என் தந்தை இரவில் இருமும் இருமலை எதில் எழுதுவது? நாங்கள் எரிவாயுவுக்கு மாறிவிட்டோம். திரும்பிப் போக மாட்டோம்.

இலையில் மீறுவதுதான் எங்கள் உண்மையான சுமை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். அதில் 29 கோடி டன் ஓட்டல், விடுதி, விருந்து போன்ற இடங்களில் போனது. எங்கள் பந்தியில் எது அதிகம் மீறுகிறது என்று ஒரு முகூர்த்த நாளில் எச்சில் இலை எடுக்கும் இடத்திலேயே நின்று பார்த்தேன். சாதம் இல்லை. இலை போட்டதும் கேட்காமல் வைக்கும் இரண்டாவது இனிப்பும், ஒரு கரண்டி நிறைய ஊற்றும் பாயசமும், சாம்பார் சாதம் முடியும் முன்பே வந்து கொட்டும் ரசச் சாதமும்தான். பால், நெய், சர்க்கரை எல்லாம் அந்த இனிப்பிலும் பாயசத்திலும்தான் இருக்கின்றன.

பரிமாறுபவர்களுக்கு ஒரே ஒரு மாற்றம் சொன்னோம். முதல் சுற்றில் பாதி அளவு வையுங்கள். இரண்டாவது சுற்று ஒருபோதும் தாமதமாகக் கூடாது. விருந்தினர் கைநீட்டிக் காத்திருக்க நேர்ந்தால் பெண் வீட்டாருக்கு அது தலைகுனிவு. அந்த அச்சத்தால்தான் எல்லோரும் முதலிலேயே அள்ளி வைக்கிறார்கள். இரண்டாவது சுற்றுக்கு ஆள் கூட்டினால் அந்த அச்சம் போய்விடுகிறது. ஒரு பந்திக்கு இரண்டு ஆள் கூலி கூடுதல். மீறும் இனிப்பு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

விடுதி மேலாளர் (திருநெல்வேலி)

எங்கள் கல்லூரி விடுதியில் 600 மாணவர்கள். நாளுக்கு 60 முதல் 70 கிலோ உணவுக் கழிவை சாண எரிவாயுக் கலனில் போடுகிறோம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் வளாகங்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தபோது, நாங்கள் அந்த அளவை எட்டாவிட்டாலும் கலனை அமைத்துக்கொண்டோம். கிடைக்கும் வாயு, நன்றாக ஓடும் நாளில் இரண்டரை முதல் மூன்று கிலோ எரிவாயுவுக்கு ஈடாகிறது. காலைக் காப்பிக்கும் பால் காய்ச்சவும் சரியாகப் போகிறது.

புதிதாக அமைக்க நினைப்பவர்களுக்கு எச்சரிக்கையாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். கலனில் உண்டாவது மீத்தேன். எரித்தால் அது கரியமில வாயுவாகிவிடும். எரிக்காமல் கசிந்தால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு கேடு. முதல் ஆண்டில் தீபாவளி விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டோம். அதற்கு முன் போட்ட கழிவு புளித்துக்கொண்டே இருந்தது. மிதவை மூடி முழு உயரத்துக்கு எழுந்து ஓரமாக வாயு நாட்கணக்கில் வெளியேறியிருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த கேடு அது. இப்போது விடுமுறைக்கு ஐந்து நாள் முன்பே கழிவு போடுவதை நிறுத்திவிடுகிறோம். காவலாளி மாலையில் ஒரு மணி நேரம் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுக்கொள்கிறார். ஊறுகாய், எலுமிச்சைத் தோல், பொரித்த எண்ணெய் ஆகியவற்றைக் கலனில் போடக் கூடாது. போட்டால் புளிப்பேறி வாயு நின்றுவிடும். பழைய எண்ணெயைத் தனியே சேர்த்து பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுக்கிறோம். அதற்கான திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் நடத்தி வருகிறது.

வெப்பக்கணக்கு (கோயம்புத்தூர்)

மெக்கானிக் ஐயாவுக்கு நன்றி. நானும் பல தணிக்கைகளில் குளிர்சாதன வாயுவைப் பின்னிணைப்பில் தள்ளியிருக்கிறேன். இனி முதல் பக்கத்தில் எழுதுவேன்.

வெந்நீரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. ஓட்டலில் எரிவாயுவின் கணிசமான பங்கு, குழாயில் வரும் 28 பாகைத் தண்ணீரைச் சூடாக்குவதில்தான் போகிறது. உலை வைக்க, பருப்பு வேகவிட, இட்லிக் கொப்பரையை நிரப்ப, பாத்திரம் கழுவ என்று எல்லாமே பச்சைத் தண்ணீரில் தொடங்குகின்றன. மொட்டைமாடியில் 500 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் ஒன்று வைத்து, அந்தக் குழாயைக் கை கழுவும் இடத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். 60 பாகையில் தண்ணீர் கிடைத்தால், கொதிநிலைக்கான பயணத்தில் ஏறத்தாழ பாதி வழி வெயிலே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. உங்கள் அடுப்பின் திறனை வைத்துப் பார்த்தால் நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் எரிவாயு மிஞ்ச வேண்டும். குடிநீர் தரமுள்ள தொட்டியாகவும் குழாயாகவும் இருப்பது கட்டாயம்.

மாடியில் இடம் இல்லாதவர்கள் வெப்ப இறைப்பி வைக்கலாம். பகலவன் தம்பி கவனிக்க வேண்டும்: மின்சாரத்தால் வெல்லக்கூடிய இடம் இது. வெப்ப இறைப்பி ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு காற்றிலிருக்கும் வெப்பத்தையும் இழுத்து மூன்றரை யூனிட் வெப்பம் தருகிறது. ஆகவே ஒரு யூனிட் வெப்பத்திற்கு 0.2 கிலோதான்; நல்ல எரிவாயுக் கொதிகலனிலும் 0.29 ஆகும். நிலக்கரி மின்சாரத்திலேயே இந்த ஆதாயம்.

பெரிய அளவில் சூரிய வெப்பத்தால் சமைக்க முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. திருமலையில் 2002-இல் வெயிலை ஒரே இடத்தில் குவிக்கும் 106 குவிதட்டுகளையும், சீரடியில் 2009-இல் 73 குவிதட்டுகளையும் அமைத்து நீராவி எடுத்துச் சமைத்தார்கள். அன்னதானம் போல நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வகை உணவை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்திற்கு அது பொருந்தும். ஆர்டர் வர வர ஊற்றும் தோசைக்கல்லுக்குப் பொருந்தாது.

எக்ஸாஸ்ட் மின்விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓட வேண்டியதில்லை. வேகத்தை எண்பது விழுக்காட்டுக்குக் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று போதும். நெருக்கடி இல்லாத நேரத்தில் குறைத்துவிடலாம். புகை தேங்குகிறதா என்பதை அங்கே நின்று வேலை செய்பவர் சொல்ல வேண்டும், நாற்காலியில் இருப்பவர் அன்று.

நெல்வயல் (திருவாரூர்)

நான் சமையற்காரன் இல்லை, விவசாயி. அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது; உலகச் சராசரிக் கணக்கில் ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 4 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான தடம் இருக்கிறது. அந்த ஓட்டலில் ஒரு நாளில் 10 கிலோ சாதம் இலையில் மீறினால், மூன்றரை முதல் நான்கு கிலோ அரிசி, அதாவது 15 கிலோ கரியமில வாயு. சாம்பார் ஆவியில் போவதைவிட நான்கு மடங்கு.

நாங்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுகிறோம். வயலில் ஊன்றிய துளையிட்ட குழாயில் நீர்மட்டம் 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பின்புதான் மறுபடியும் பாய்ச்சல். மண் மூச்சு விட்டால் மீத்தேன் குறைகிறது, விளைச்சல் குறைவதில்லை. ஆனால் என் நெல்லும் பக்கத்து வயல் நெல்லும் ஒரே மூட்டையில்தான் போகின்றன. ஓட்டல்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து இப்படி விளைந்த நெல்லைக் கேட்டு வாங்கினால், எங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் குழாய் ஊன்றுவார்கள்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்திற்கு மன்னிக்கவும், எண்கள் இல்லாமல் எழுத மனம் வரவில்லை.

கசிவு, மெக்கானிக் ஐயா சொன்னபடி கம்ப்ரஸரை ஒட்டிய இணைப்பில்தான் இருந்தது. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பிசுக்கு. நைட்ரஜன் அழுத்தம் ஓர் இரவு முழுவதும் இறங்காமல் நின்ற பிறகே கேஸை ஏற்றினார்கள். கண்டென்ஸர் (குளிர் அறையின் வெப்பத்தை வெளியே விடும் பகுதி) எங்கள் வடைச் சட்டிக்கு நேர் பின்னால், சுவருக்கு அப்பால் இருந்ததால், எக்ஸாஸ்ட் விடும் எண்ணெய்ப் புகையையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதைக் கிழக்குப் பக்க நிழலுக்கு மாற்றினோம்.

பால் அடுப்புக்குத் தனி சிலிண்டர் வைத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நாளுக்கு 1.6 கிலோ எரிவாயு, அதாவது 4.8 கிலோ கரியமில வாயு. இண்டக்ஷனில் அதே வேலைக்கு 6 யூனிட், 4.2 கிலோ. பகலவன் தம்பி நினைத்த அளவு பெரிய ஆதாயம் இல்லை. ஆனால் காப்பி மாஸ்டர் இனி பழைய அடுப்பைத் திருப்பிக் கேட்க மாட்டார். அந்த மூலையில் இப்போது நிற்க முடிகிறது.

சிலிண்டர் 55-இலிருந்து 45-க்கு வந்திருக்கிறது. பாதிக்கு மேல் சூரிய வெந்நீரால் வந்த குறைவு. ஐப்பசி மழையில் இது நீடிக்காது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். மின்சாரம், இண்டக்ஷன் கூடிய பின்பும் 3,950 யூனிட். மீந்து போகும் உணவு 40 கிலோவிலிருந்து 28 கிலோ. பந்தி அம்மா சொன்ன பாதி அளவு முறையைச் சாதத்துக்கு மட்டும் கடைப்பிடிக்கிறோம். முதல் வாரத்தில் சாதம் குறைத்து வைக்கிறீர்கள் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சப்ளையர்கள் கேட்கும் முன்பே மறுசோறு கொண்டுபோகப் பழகிய பின் அந்தப் பேச்சு நின்றது. நெல்வயல் ஐயாவுக்குத் தனியே செய்தி அனுப்பியிருக்கிறேன். இங்கே மூன்று ஓட்டல்காரர்கள் சேர்ந்திருக்கிறோம்.

அண்டாவுக்கு மூடி போடுவதுதான் மிகவும் கடினமாக இருந்தது. சாம்பார் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், மூடினால் பெருங்காய வாசனை மாறிவிடும் என்று சரக்கு மாஸ்டர் மறுத்தார். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரை நான் கட்டளையிட்டு மாற்ற விரும்பவில்லை. ஒருநாள் இரண்டு சிறிய அண்டாக்களில் ஒரே பக்குவத்தில் வைத்து, ஒன்றை மூடி, ஒன்றைத் திறந்து வைத்தோம். பன்னிரண்டு மணிக்கு அவரே இரண்டையும் ருசி பார்த்தார். வெந்நீர் விளாவியதில் உப்பும் புளியும் தனித்தனியாக நிற்கின்றன என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து மூடி இருக்கிறது.

பந்தி (மயிலாடுதுறை)

அந்த மூடியை எங்கே செய்தீர்கள் ஐயா? எங்கள் அண்டாக்களுக்குப் பொருத்தமான மூடி கடையில் கிடைப்பதில்லை. தட்டைப் போட்டால் கரண்டி எடுக்க ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்கிறது. சூட்டில் கை வெந்துபோகிறது.

காவிரிக்கரை (கும்பகோணம்)

இங்கே பாத்திரக் கடைத் தெருவில் சொல்லிச் செய்தோம் அம்மா. அலுமினியத் தகடு, அண்டாவின் வாயைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். நடுவில் மூங்கில் கைப்பிடி. இரும்புக் கைப்பிடி சுடும். ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு அரைவட்டமாக வெட்டி எடுக்கச் சொன்னால், கரண்டியின் காம்பு அதன் வழியே நிற்கும். வெட்டிய விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையைக் கீறும். உங்கள் அண்டாவின் வாய் அளவை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், சொல்லிவிட்டு வருகிறேன்.